தினமும் தண்ணீர் ஊற்றியும் ஏன் வாடுகிறது?
பால்கனித் தோட்டம் - வாசகர் கேள்விகள்

*எங்கள் பால்கனியில் காலையில் மூன்று மணி நேரம் வெயில் விழும். தக்காளிச் செடி இடுப்பளவு வளர்ந்து பச்சைப்பசேல் என்று நிற்கிறது. பூவே அபூர்வம், வருகிற ஒன்றிரண்டும் உதிர்ந்துவிடுகின்றன. என்ன உரம் போடலாம்?*

உரம் வேண்டாம். வெயில்தான் போதவில்லை. தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்ச் செடிகளுக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். உங்கள் மூன்று மணி நேரத்தில் செடியால் இலை விட முடிகிறது, காய் பிடிக்க முடியவில்லை. இந்த நிலையில் தழைச்சத்து மிகுந்த உரத்தைப் போட்டால் இன்னும் இலையாகவே தள்ளும். அந்த இடத்தைக் கீரைக்கும் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் விட்டுவிடுங்கள், அவற்றுக்கு இந்த வெயில் போதும்.

அடுத்த செடி வாங்கும் முன், ஒரு விடுமுறை நாளில் மணிக்கொரு முறை பால்கனியை எட்டிப் பாருங்கள். வெயில் எந்த மூலையில் தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். பருவத்துக்குப் பருவம் சூரியன் சாய்வது மாறுவதால், இன்று வெயில் படுகிற இடம் அன்றைக்கு நிழலாக இருக்கலாம்.

வெயில் நிறையக் கிடைத்தும் தக்காளிப் பூ உதிர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் கொட்டும். இன்னொன்று, தக்காளிப் பூவின் மகரந்தம் நடுவிலுள்ள மஞ்சள் கூம்புக்குள்ளே இருக்கிறது; குலுங்கினால்தான் உதிர்ந்து, பூவின் பெண் பகுதியான சூலகமுடியில் படும். தரையில் காற்றும் வண்டுத்தேனீயும் செய்கிற இந்த வேலையை, மூடிய பால்கனியில் நாம்தான் செய்ய வேண்டும். காலை பத்து மணி வாக்கில் பூக்காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். நான் பூ இருக்கும்வரை ஒரு நாள்கூட இதை விடுவதில்லை.

*தினமும் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் செடிகள் வாடி, இலை பழுத்து ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன. எனக்குக் கைராசி இல்லையா?*

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இந்தக் கடிதம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தரையில் நிற்கிற செடிக்கு வேர் ஓடித் தேட இடம் உண்டு. தொட்டிச் செடிக்கு அது கிடையாது. நீங்கள் ஊற்றுவதுதான் நீர், நீங்கள் விட்டுவைக்கும் இடைவெளிதான் காற்று. வேருக்குக் காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். அதைப் பார்த்துவிட்டு, பாவம் தாகம் போல என்று இன்னொரு குவளை ஊற்றுகிறோம். பெரும்பாலான தொட்டிச் செடிகள் போவது இப்படித்தான்.

வாடிய செடியைப் பார்த்ததும் குவளையைத் தேடாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடித்துளை வழியே வடிகிற அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். உச்சி வெயிலில் இலை தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் கவலையே படாதீர்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு சங்கடமும் உண்டு. கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) அதிகம் கலந்த கலவை ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மண்கட்டி சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடி உடனே தட்டில் வந்து நிற்கும். தட்டு நிறைந்ததே என்று நாம் திருப்திப்படுவோம். வேர்ப்பகுதி உலர்ந்தே இருக்கும். ஊற்றிய பிறகும் தொட்டி தூக்க லேசாக இருந்தால் இதுதான் விஷயம். தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வைத்திருந்து, எடுத்து வடியவிடுங்கள்.

அடியில் ஜல்லியோ ஓட்டுச்சில்லோ பரப்பினால் நன்றாக வடியும் என்று பலரும் செய்கிறார்கள். அது உதவாது. நீர் நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்குள் எளிதில் இறங்காமல், ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்குள்ள இடம்தான் குறையும். துளை அடைபடாமல் ஒரு துண்டு வலை போட்டால் போதும். தட்டில் வடிந்த நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

*கொத்தமல்லி விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது. முளைத்தாலும் சீக்கிரம் பூத்துவிடுகிறது.*

நாம் விதை என்று தூவுகிற உருண்டை உண்மையில் ஒரு காய். உள்ளே இரண்டு விதைகள் உண்டு. உள்ளங்கையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். வறுக்காத, புது விதையாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளை தெரியும். நாற்றைப் பிடுங்கி நட்டால் பிடிக்காது, விதைத்த இடத்திலேயே விடுங்கள். வெக்கை கூடினால் பூக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே இருப்பதுதான் வழி.

*மிளகாய்ச் செடியில் இலை சுருண்டு போகிறது. மருந்து சொல்லுங்கள்.*

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகு போல மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு தெரிந்தால் சிலந்திப் பேன். இரண்டும் இலைக்கு அடியில்தான் குடியிருக்கும், மேலே மட்டும் மருந்து தெளித்துப் பயன் இல்லை. ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், அது கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம் தொடருங்கள். சுருண்ட பழைய இலை நேராகாது. புதுத் துளிர் விரிந்து வருகிறதா என்று கவனியுங்கள். தண்டில் எறும்பு ஏறி இறங்கினால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம், அவை சுரக்கும் இனிப்புக்காக எறும்பு வருகிறது.

*இருபது லிட்டர் தொட்டிகள் பத்து வைக்க ஆசை. பால்கனி தாங்குமா?*

தோட்ட மண் மட்டும் நிரப்பினால் நனைந்த நிலையில் ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல் வரும். கோகோபீட்டும் மண்புழு உரமும் கலந்தால் எடை நன்றாகக் குறையும். கட்டடம் தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சுவரை ஒட்டிப் பரவலாக வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு சின்னத் தொட்டிகூட வேண்டாம், கீழே ஆட்கள் நடமாடுகிறார்கள்.

*ஒரு செடி முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிட வேண்டுமா?*

வேண்டாம். வேர்களைப் பொறுக்கிவிட்டு, வெயிலில் உலர்த்தி, மூன்றில் ஒரு பங்கு புதுத் தொழு உரம் கலந்து மறுபடி பயன்படுத்துங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் வரும். அதனால் தக்காளி நின்ற தொட்டியில் அடுத்து கீரையோ அவரையோ போடுங்கள்.