பெண் சர்ஜன் ஒருவர் துறைத் தலைவராக இருந்தால் பயிற்சி மருத்துவர்களுக்கு என்ன வித்தியாசம்?

ஆபரேஷன் தியேட்டரில் கத்தியை யார் கையில் கொடுக்கிறார், நாம் இல்லாத கூட்டத்தில் யார் பெயரைச் சொல்கிறார் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். அறுவை சிகிச்சைப் பயிற்சியில் பெண் பேராசிரியர் ஒருவரின் யூனிட்டில் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அதற்கு முன் இருந்த யூனிட்டில் வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தே மாதங்கள் ஓடின. கை கொஞ்சம் தடுமாறினால் போதும், மேலே இருப்பவர் கருவியை வாங்கிக்கொள்வார். எங்கள் பேராசிரியர் வாங்கவே மாட்டார். லேப்ராஸ்கோப்பில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டு, பித்தப்பை எடுக்கும்போது கேமராவைத் தானே பிடித்துக்கொள்வார். வெட்டும் முன் குழாயை அடைக்கும் கிளிப்பைப் போடப் போகும் நேரத்தில் மட்டும் நிறுத்துவார்.

"பித்தப்பைக்குள்ள எத்தனை போகுது?"

"ரெண்டு, மேடம். டக்ட், ஆர்ட்டரி."

"பின்னாடி என்ன தெரியுது?"

"கல்லீரல்."

"அப்ப போடு."

டக்ட் என்பது பித்தப்பைக் குழாய், ஆர்ட்டரி என்பது பித்தப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி. கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் முக்கியப் பித்த நாளத்தையே பித்தப்பைக் குழாய் என்று நினைத்து வெட்டிவிடுவதுதான் இந்த ஆபரேஷனின் பெரிய ஆபத்து. அந்த இரண்டு கேள்விகளும் அதைத் தடுக்கத்தான். இன்று என் ஜூனியர்களிடம் நானும் அதையேதான் கேட்கிறேன்.

கையுறை அளவு 6 போடுகிறவர்களுக்கு திசுவைத் தைக்கும் ஸ்டேப்ளர் கருவியின் கைப்பிடியை ஒரே கையால் அழுத்துவது கஷ்டம். அதைத் திறமைக் குறைவு என்று நினைத்துக் குமைந்த பெண்கள் நிறையப் பேர். அவர் மேசையைத் தாழ்த்தச் சொல்லி, முழங்கையை எங்கே வைக்க வேண்டும், இரண்டாவது கையை எப்போது கொண்டுவர வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். தன் உடம்பில் பட்டு அறிந்தவர் சொல்லும்போது அதன் மதிப்பே வேறு. உயரம் குறைந்த ஆண் பயிற்சி மருத்துவர்களுக்கும் அது பயன்பட்டது.

தலைமை என்றால் என்ன என்பதை இறப்பு, சிக்கல்கள் பற்றிய ஆய்வுக் கூட்டத்தில் பார்த்தேன். ஜூனியர் ஒருவர் பித்தக் கசிவு ஏற்பட்ட கேஸை வாசித்துக்கொண்டிருந்தார். கேள்விகள் அவரைக் குடையத் தொடங்கியதும் இவர் எழுந்து, "ஆபரேஷன் செய்யலாம் என்று முடிவெடுத்தது நான், என்னைக் கேளுங்கள்" என்றார். அதன் பிறகு அந்த அறையில் பேச்சு நோயாளியைப் பற்றியதாக மாறியது. பயப்படாத ஜூனியர்தான் நள்ளிரவில் தயங்காமல் போன் செய்வார். அதனால் பிழைப்பது நோயாளி.

அறிவுரை சொல்லப் பலர் உண்டு. கருத்தரங்கில் பேச அழைப்பு வந்தால் "என்னைவிட இவள் சரியாகச் செய்வாள்" என்று எழுதி அனுப்புகிறவர்கள் மிகச் சிலர். மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வு கட்டுரைகளையும் குழுக்களையும் அழைப்புகளையும் நம்பி இருப்பதால் இதுவே பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

வரலாறும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 1981-இல் அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி என்ற சர்ஜன்கள் அமைப்பின் மாநாட்டுக்கு வந்திருந்த பெண்களைச் சர்ஜன் பாட்ரிசியா நியூமன் காலை உணவுக்கு அழைத்தார். அதிலிருந்து பெண் சர்ஜன்கள் சங்கம் வளர்ந்தது. 2011-இல் அவரே அந்தக் கல்லூரியின் தலைவரானார். 1987-இல் ஓல்கா ஜோனாசன் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவரானபோது, அமெரிக்காவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் மருத்துவக் கல்லூரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். பிரிட்டனில் முதல் பெண் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக ஏவரில் மான்ஸ்ஃபீல்ட் வந்தது 1993-இல்தான். எவ்வளவு தாமதம் பாருங்கள்!

பெண் என்பதாலேயே எல்லோரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். தான் பட்ட கஷ்டத்தை அடுத்தவளும் பட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அதனால் யூனிட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே படித்து முடித்தவர்களிடம் பேசுங்கள். கடைசி வருடத்தில் எந்தெந்த ஆபரேஷனை முழுவதும் நீங்களே செய்தீர்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, சிக்கல் வந்த அன்று யூனிட் தலைவர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள்.