கோடை விடுமுறையில் ஒரு அப்பாவாக உங்கள் அன்றாட நாள்கள் எப்படிப் போகின்றன? பிள்ளைகளோடு என்ன செய்கிறீர்கள்?

மதுரையில் இருக்கிறேன். மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். பள்ளிக்கு லீவு விட்டாலும் எனக்கு லீவு கிடையாது. காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். அதனால் பிள்ளைகளின் விடுமுறையில் எனக்குக் கிடைப்பது நாளின் இரண்டு நுனிகள்தான்: விடியற்காலையும் இரவும். இரண்டுமே எங்கள் மொட்டை மாடியில் போகின்றன. 2025 கோடையை வைத்துச் சொல்கிறேன். எனக்கு மறக்காத கோடை அது.

வீட்டில் மனைவி, என் அம்மா, அப்போது பன்னிரண்டு வயதில் மகன், எட்டு வயதில் மகள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, எல்லோரையும்போல நாங்களும் மே மாதத்தில் கொடைக்கானல் போனோம். மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நின்றதில் பாதி நாள் காருக்குள்ளேயே போயிற்று. மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். திரும்பி வந்த இரவு, "இனிமே லீவுக்கு வீட்டுலயே இருக்கலாம்ப்பா" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் காலை. ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறியதும் அம்மா வடகம் போட ஆரம்பித்துவிடுவார். முந்தின இரவே ஜவ்வரிசி ஊறப்போட்டு, நாலரை மணிக்கு அடுப்பைப் பற்றவைத்துக் கூழ் கிளறினால்தான் வெயில் வருவதற்குள் பிழிந்து முடிக்க முடியும். பச்சை மிளகாய், சீரகம், உப்பு, இறக்கும்போது எலுமிச்சம்பழச் சாறு. கொதிக்கும் கூழை மாடிக்குத் தூக்கிப் போவது என் வேலை. பழைய வெள்ளை வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைப்பது மகனின் வேலை. மகள் கரண்டியால் எடுத்து வட்டம் வட்டமாக ஊற்றுவாள். முதல் வரிசை அப்பள அளவில் இருக்கும், கடைசி வரிசை நாலணா அளவுக்கு வந்துவிடும். அம்மா எதுவும் சொல்லமாட்டார். பொரித்தால் எல்லாம் ஒன்றுதான் என்பார்.

அந்த நேரத்தில் கிழக்கே விடிவெள்ளி நின்றது. அந்த வருடம் ஏப்ரல், மே முழுக்க வெள்ளிக் கோள் விடியற்காலை வானத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேலே, விளக்குப் போட்ட மாதிரி. "எங்க காலத்துல கடிகாரம் ஏது? இதப் பாத்துத்தான் உங்க தாத்தா கமலை இறைக்கக் கிளம்புவாரு" என்று அம்மா என்னிடம் சொன்னபோது மகனுக்குக் கமலை என்றால் என்னவென்று தெரியவில்லை. இரண்டு மாடு, ஒரு தோல் பை, ஒரு கிணறு என்று விரலால் மாவிலேயே படம் வரைந்து காட்டினார் அம்மா. அவர் மாமனாரைப் பற்றி இவ்வளவு பேசி நானும் அன்றுதான் கேட்டேன்.

அரைக்காய்ச்சல் வடகத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கும்போது மேலே காய்ந்து உள்ளே இழுவையாக இருக்குமே, அது. கடையிலிருந்து வந்ததும் மகள் ஒரு கிண்ணத்தில் எனக்கென்று எடுத்து வைத்திருப்பாள். அந்தக் கிண்ணத்தை நினைத்துக்கொண்டுதான் வண்டியை மிதிப்பேன்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு, வானம் பார்ப்பது. 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்தைப் பார்க்க மகனைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் போனேன். அன்று தொற்றியது. அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்று வாங்கினேன். வீட்டில் நான் எனக்காக வாங்கிய பொருள் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

ஏப்ரல் 16-ஐ ஒட்டி மதுரையில் நிழலில்லா நாள் வரும். மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் தெற்கிலிருந்து வடக்கே போகிற போக்கில் அந்த நாளில் சரியாக நம் தலைக்கு மேல் வருகிறது. ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வரும்போது இன்னொரு முறை. சென்னைக்கு இதுவே ஏப்ரல் 24, 25 வாக்கில். அன்று மட்டும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். மாடியில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு நானும் மகளும் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு மணிக்கு டம்ளரின் ஓரத்தில் நூல் அளவு நிழல் மிச்சம் இருந்தது. பன்னிரண்டேகாலைத் தாண்டியதும் அதுவும் டம்ளருக்கு அடியில் போய்விட்டது. உச்சி வெயில் என்றால் பன்னிரண்டு மணி என்று நினைத்திருந்தாள். நம் கடிகாரம் மதுரைக்குக் கிழக்கே உள்ள 82½ டிகிரி தீர்க்கரேகையின் கணக்கு, சூரியன் அங்கே உச்சிக்கு வந்து பதினேழு நிமிடம் கழித்துத்தான் இங்கே வரும் என்று சொன்னேன். அது அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் எழுந்து நின்று, தன் நிழல் காலடியை விட்டு வெளியே வரவில்லை என்று பார்த்துவிட்டு, குதித்தால் வெளியே வருமா என்று குதித்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நுங்கு. பைபாஸ் ரோட்டில் சைக்கிளில் குலையோடு வைத்து விற்பவரிடம், சுளையாக வாங்காமல் சீவிய காயாகக் கேட்டு வாங்குவேன். கட்டைவிரலை விட்டு நோண்டித் தின்னத் தெரியாமல் என் பிள்ளைகள் வளர்ந்துவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். தின்று முடித்த மட்டை இரண்டை எடுத்து நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. தெருவில் இருந்த சின்னப் பையன்கள் எல்லோருக்கும் செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. என் பிள்ளைகளுக்கு மதியத்து கேரம், தாயம் எல்லாம் அவர்கள் அம்மாவோடும் அப்பத்தாவோடும். எனக்கு அதில் பங்கில்லை, போன் போட்டு யார் ஜெயித்தார்கள் என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

மே 4 அன்று கத்திரி தொடங்கியது. அன்று இரவு மகள் கேட்ட கேள்விதான் அந்தக் கோடையையே மாற்றியது.

"அப்பா, அக்னி நட்சத்திரம் அக்னி நட்சத்திரம்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கு? காட்டுங்க."

காட்ட முடியாது. அது கார்த்திகை. பரணியின் பின்பாதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் வரை சூரியன் போகிற நாள்களைத்தான் அக்னி நட்சத்திரம் என்கிறோம். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி, அதனால் அந்தப் பெயர். சூரியனுக்குப் பின்னாலேயே இருப்பதால் இந்தச் சமயத்தில் கண்ணுக்குத் தெரியாது. கார்த்திகை மாதம் இரவில் தலைக்கு மேல் கொத்தாகத் தெரியும், அப்போது காட்டுகிறேன் என்றேன். ஏமாந்துபோய் நின்றாள். அதற்காக அன்று வேறொன்றைக் காட்டினேன். செவ்வாய் அப்போது பூசத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. வெறும் கண்ணுக்குச் சிவந்த ஒரு புள்ளி. பைனாகுலரை மாடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் அந்தப் புள்ளியை ஒட்டிப் பொடிப்பொடியாக நட்சத்திரக் கூட்டம். தைப்பூசம் என்கிறோமே, அந்தப் பூசம் இதுதான் என்று சொன்னதும், "பழனிக்கு நடந்து போவாங்களே, அதுவா?" என்று கேட்டவள் கண்ணை எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் மாடிதான். ஒரு சின்ன விஷயம், செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். ஆறு மணிக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் போதாது, தளம் அதைக் குடித்துவிட்டு மறுபடி சூடு கக்கும். பொழுது இறங்கியதும் ஒரு தடவை, எட்டு மணிக்கு ஒரு தடவை ஊற்ற வேண்டும். பிறகு கோரைப்பாயை விரித்தால் படுக்கலாம்.

மகன் மட்டும் வரவில்லை. அவனுக்கு ஐபிஎல். சிஎஸ்கே தோற்கத் தோற்க அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பதினான்கு வயது வைபவ் சூர்யவன்ஷி ஏப்ரல் 28 அன்று 35 பந்தில் சதம் அடித்தபோது, "என்னைவிட ரெண்டு வயசுதான்ப்பா பெரியவன்" என்று சொன்னான். அந்த வாரம் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் கொஞ்சம் விலகிப் போவார்கள் என்று தெரியும். தெரிந்திருந்தாலும் வலிக்கத்தான் செய்தது.

அப்புறம் பாகிஸ்தான் எல்லையில் சண்டை மூண்டது. மே 8 தர்மசாலா ஆட்டம் பாதியில் நின்றது, மறுநாள் ஐபிஎல்லையே நிறுத்திவைத்தார்கள். டிவியில் செய்தி பார்த்து அம்மா பயந்துபோனார். மகன் எதுவும் பேசாமல் எழுந்து மாடிக்கு வந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

மணி ஒன்பதரை இருக்கும். தெற்கே தண்ணீர்த் தொட்டியின் குழாய்க்கு நேர் மேலே நாலு நட்சத்திரம், பட்டம் மாதிரி. திரிசங்கு. கையை நீட்டி மூடினால் ஒரு முட்டி ஏறக்குறைய பத்து டிகிரி, அடிவானத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முட்டி வைத்துப் பார் என்றேன். வைத்தான். சரியாக அங்கே நின்றது. வட இந்தியாவில் இது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும், லண்டனில் இருப்பவர்களுக்கு எந்நாளும் தெரியாது, நமக்கு மே மாதம் முழுக்க மாடியிலிருந்தே தெரியும் என்றேன். "அப்போ துருவ நட்சத்திரம்?" என்றான். அது வடக்கே, நம் ஊரில் ஒரே ஒரு முட்டி உயரம். ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உயரம். எங்களுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி மறைக்கிறது. கட்டடத்தை முறைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான்.

திரிசங்குவுக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். இடக்கோடியில் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம். சுமார் 4.3 ஒளியாண்டு. "பாப்பா, நீ எல்கேஜி படிச்சப்போ அங்கருந்து கிளம்பின வெளிச்சம் இப்போதான் இங்க வந்து சேருது" என்றேன். அவள் எல்கேஜி படித்தது கொரோனா காலம், வகுப்பு முழுக்க என் செல்போனில்தான் நடந்தது. "அது வர்றதுக்குள்ள நான் மூணாப்பு முடிச்சுட்டேன்" என்றாள்.

அடுத்த நாள் நிலா சித்திரை நட்சத்திரத்தை ஒட்டி நின்றது. மே 12 சித்ரா பௌர்ணமி, அழகர் வைகையில் இறங்கினார். விடியற்காலையில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தில் நின்றுவிட்டு வந்த அன்று இரவு, மகன் ஒரு சந்தேகம் எழுப்பினான். "முந்தாநாளே நிலா சித்திரைகிட்ட இருந்துச்சு. இன்னைக்குத் தள்ளிப் போயிருச்சு. அப்புறம் ஏன் சித்ரா பௌர்ணமி?" சித்திரை மாதத்தில் வரும் பௌர்ணமி என்பதுதான் கணக்கு, மாதக் கடைசியில் வந்தால் நிலா விசாகத்துக்குப் போய்விடும், 2024-இல் ஏப்ரல் 23 அன்று வந்தபோது சித்திரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்று விளக்கினேன். அவன் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு நாள் முன்பு நிலா எங்கே நின்றது என்பதை அவன் மனதில் வைத்திருக்கிறான்!

ஒரு நாள் பாத்திரம் கழுவிவிட்டு மனைவியும் மேலே வந்தாள். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் பொன்னிறத்தில் சுவாதி. அது 37 ஒளியாண்டு தூரம். அவளுக்கு அப்போது வயது 37. "நீ பிறந்தப்போ கிளம்பினது" என்றேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பைனாகுலரை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அதற்கப்புறம் எந்த வேலை கிடந்தாலும், "என் நட்சத்திரம் வந்துருச்சாங்க?" என்று படியில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

மே 17-இல் ஐபிஎல் மறுபடி தொடங்கியது. மகன் டிவிக்குத் திரும்பிவிட்டான். நான் வற்புறுத்தவில்லை. மே 20, சிஎஸ்கேவும் ராஜஸ்தானும். சிஎஸ்கே 187 எடுத்து இன்னிங்ஸ் இடைவேளை விட்டதும் படியில் தடதடவென்று சத்தம். மேகம் விலகிய இடைவெளியில் தெற்கே பார்த்துக்கொண்டு, அன்று உட்கார்ந்த அதே இடத்தில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முட்டியை நீட்டினான்.

"அப்பா, அன்னைக்குக் குழாய்க்கு நேரா இருந்துச்சுல்ல? இப்போ மேற்கால அரை முட்டி தள்ளிப் போயிருக்கு."

நட்சத்திரங்கள் தினமும் நாலு நிமிடம் முன்கூட்டியே வரும் என்று நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். பதினோரு நாளை நாலால் பெருக்கி, நாற்பத்துநாலு என்று சொல்லிவிட்டு, "சரி, ரெண்டாவது இன்னிங்ஸ் ஆரம்பிச்சிருக்கும்" என்று கீழே ஓடினான்.