அதே பதில் இரண்டு முறை வந்தால்

கே: டிவியில் ரொம்ப வருஷம் இருந்து பிள்ளைகளை நிஜமாகவே வளர்த்துவிட்டவர் யாராவது உண்டா? நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் வேண்டாம்!
– பள்ளி ஆசிரியை, பொள்ளாச்சி

ப: உண்டு டீச்சர். பிடி பேக்ஸ்டர் (Biddy Baxter) என்ற அம்மா. பிபிசியின் 'புளூ பீட்டர்' சிறுவர் நிகழ்ச்சியை 1962 முதல் 1988 வரை நடத்தியவர், 2025 ஆகஸ்டில் 92 வயதில் காலமானார். திரைக்குப் பின்னால் இருந்தவர் என்பதால் நம் ஊரில் பலருக்குப் பெயர் தெரியாது. சின்ன வயதில் எழுத்தாளர் எனிட் பிளைட்டனுக்குக் கடிதம் போட்டிருக்கிறார், பதில் வந்த சந்தோஷத்தில் மறுபடியும் எழுதினால், அச்சு அசலாக முதல் பதிலே திரும்ப வந்தது. அந்த ஏமாற்றத்தை மறக்கவே இல்லை. தன் கைக்கு நிகழ்ச்சி வந்ததும், எழுதும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு அட்டை போட்டு வைத்து, அடுத்த கடிதம் வந்தால் பழையதைப் பார்த்துவிட்டுப் பதில் எழுத ஏற்பாடு செய்தார். வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் குவியும் இடம், கம்ப்யூட்டரும் கிடையாது, யோசித்துப் பாருங்கள். நல்ல யோசனையோ படமோ அனுப்பினால் கப்பல் சின்னம் போட்ட பேட்ஜ், அது 1963இல் வந்தது. உதவி திரட்டும்போதும் பிள்ளைகளிடம் காசு கேட்காமல், பழைய தபால்தலை, வெள்ளித்தாள் என்றுதான் கேட்பார்கள். கையில் காசில்லாத பிள்ளையும் சேரலாம் இல்லையா?

கே: சரி, பதில் போட்டால் பிள்ளை முன்னேறிவிடுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

ப: எல்லாப் பிள்ளையும் இல்லை. ஆனால் 1973இல் அந்தோணி ஹாலண்டர் என்ற 9 வயதுப் பையன், மனிதர்களையும் மிருகங்களையும் உயிர்ப்பிக்க வழி தெரியும் என்று நினைப்பதாக எழுதி, இரண்டாக வெட்டிய இதயத்தின் மாதிரி உட்பட ஒரு சாமான் பட்டியலும் அனுப்பினான். நாமாக இருந்தால் ஆபீஸ் முழுக்கக் காட்டிச் சிரித்திருப்போம். பேக்ஸ்டர் மரியாதையாகப் பதில் எழுதி, குடும்ப டாக்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அவன் பின்னாளில் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர், 2008இல் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) கொண்டு மூச்சுக்குழாய் பொருத்திய குழுவில் ஒருவர். (அந்தச் சிகிச்சை முறையைச் சுற்றி அப்புறம் வெடித்த சர்ச்சை தனிக் கதை.) அந்தப் பதிலில் துளி கேலி இருந்திருந்தாலும் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனோ என்னவோ என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கே: அப்போ அம்மா ரொம்ப சாதுவோ?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

ப: சாதுவா! தொகுப்பாளர்களே நடுங்குவார்கள். நேரலையில் வசனத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: 1962இல் காட்டிய நாய்க்குட்டி ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டுச் செத்துப்போக, அதே மாதிரி வேறொரு குட்டியைத் தேடிப் பிடித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் நிகழ்ச்சியைத் தொடர்ந்தார்கள். அந்தக் குட்டிக்குப் பெயர் வைத்ததே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான், பெட்ரா என்று. பிள்ளைகள் மனசு நோகக்கூடாது என்று செய்திருக்கலாம், எனக்கு ஒப்பவில்லை.