சூரியன், காற்று, பற்றரி மூன்றையும் சேர்த்து வன்னிக் கிராமம் ஒன்றுக்கு மின்சாரம் கொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் கணக்கைக் கார்த்திகை மாதத்தில் இருந்து தொடங்கவேணும். சித்திரை வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டவர்களின் சோலர் தொகுதிகளைத்தான் நான் கனக்கத் திருத்தியிருக்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் வயரிங் வேலை செய்கிறேன், சோலரும் பூட்டுவேன்.

தொண்ணூறுகளில் வன்னியில் எங்களுக்குக் கரண்ட் என்றால் சைக்கிள் டைனமோதான். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி நேரத்துக்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைக் கையால் சுற்ற, அப்பா ரேடியோவில் காதை வைத்திருப்பார். கை களைத்து நான் விட்டால் செய்தி பாதியில் அறுந்துவிடும். "சுத்தடா, சுத்தடா" என்று அப்பா சொல்லும் குரல் இப்பவும் காதில் நிக்குது. சேமிக்க ஒரு பற்றரி இல்லாத கவலையை அந்த வயதிலேயே கண்டவன் நான்.

வன்னிக்குக் கிடைத்த பெரிய கொடை, வெயிலும் காற்றும் ஒருமிக்க வருவது. வைகாசியில் எழும்பும் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, ஆவணி முடியுமட்டும் லேசில் ஓயாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கிற சக்தி எட்டு மடங்காகும். அதனால் சோளக நாளில் சின்னக் காற்றாடிகூட இரவிரவாகச் சார்ஜ் பண்ணும், பற்றரிக்கும் ஆறுதல். மன்னார் தீவின் தென்கரையில் 2020 மார்கழியில் திறந்த 30 பெரிய காற்றாலைகளும் இந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. அந்த மின்சாரம் முழுநாட்டுக்கும் போகிறது. அங்கத்தைய மீனவர்களின் மனக்குறையைக் கேட்காமல் இன்னும் கோபுரம் நடக்கூடாது என்பது என் நிலைப்பாடு.

வில்லங்கம் ஐப்பசி, கார்த்திகையில். வானம் மூடிக் கிடக்கும். சோளகம் போய்விட்டிருக்கும், வாடை இன்னும் சரியாக எழும்பியிராது. இரண்டும் ஒன்றாகக் கைவிடுகிற அந்த வாரங்கள் வருடச் சராசரியில் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நாலு எல்ஈடி பல்ப், ஒரு ஃபான், ரிவி, போன் சார்ஜ் என்றால் ஒரு வீட்டுக்கு நாளுக்கு ஒரு யூனிற் காணும். 40 வீடு, தெருவிளக்கு, முன்பள்ளி எல்லாம் சேர்த்து 50 யூனிற் என்று வைப்போம். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பனல் நாலு யூனிற் தரும். 13 கிலோவாட் போதும் போலத் தெரியும். மழை மாதத்தில் அதே பனல் இரண்டு யூனிற்றுக்கு இறங்கிவிடும், சில நாள் அதுவும் வராது. அதற்காகப் பனலை மட்டும் கூட்டிக்கொண்டே போகத் தேவையில்லை. ஒரு சின்ன டீசல் ஜெனரேற்றரை அந்த ஒரு சில வாரங்களுக்கு மாலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடவிடுவது மலிவு. இரவுக்கு 30 யூனிற் வேணுமென்றால், ஈய அமிலப் பற்றரியில் 60 யூனிற் கொள்ளளவு தேவை. பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் என்றால் 40 போதும். தண்ணீர் மோட்டாரை வெயில் நேரத்தில் ஓடவிட்டுத் தாங்கியை நிரப்பி வையுங்கள். தண்ணீரை மேலே ஏற்றி வைத்தால் அதுவும் சேமிப்புத்தான், பற்றரியை விட மலிவான சேமிப்பு.

முழங்காவில் பக்கம் ஒரு கரையோரக் கிராமத்தில் பொதுமண்டபத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் பனல், ஒரு காற்றாடி, நாலு பற்றரி கொடுத்திருந்தது. திறப்புவிழாவுக்குப் பிறகு அவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு வருடத்துக்குள் லைற் மங்க, என்னைக் கூப்பிட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் பற்றரி. வெக்கை பத்துப் பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மூடியைத் திறந்தேன், தகடுகள் வெள்ளையாய்ப் பூத்திருந்தன. ஆறு துவாரத்தில் நாலில் தண்ணி தகட்டுக்குக் கீழே. மிச்சத்துக்குச் சங்கத் தலைவர் கிணற்றுத் தண்ணி விட்டிருந்தார். "உதுவும் தண்ணிதானே தம்பி, பற்றரித் தண்ணி வாங்கக் காசில்லை" என்றார். எங்கள் கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பு கேத்தில் அடியில் படிகிறதைப் பார்க்கிற எவருக்கும் பற்றரிக்குள் என்ன நடந்திருக்கும் என்று விளங்கும். அந்த ஐயாவில் எனக்குக் கோபமில்லை. அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாதம் ஒரு சின்னத் தொகை வீட்டுக்கு வீடு சேர்த்திருந்தால் பற்றரித் தண்ணியும் வாங்கியிருக்கலாம், புதுப் பற்றரிக்கும் சேர்ந்திருக்கும்.

மின்சார சபைக் கம்பி பக்கத்தில் இருந்தால் இதெல்லாம் தேவையில்லை, இணைப்பை எடுங்கள். கம்பி போகாத இடங்களுக்குத்தான் இது. இரணைதீவை எடுங்கள். 1992-ல் இடம்பெயர்ந்த சனம் 2018-ல் தாங்களே படகேறித் திரும்பிப் போனார்கள். அப்படியான இடத்தில் மீனுக்கு ஐஸ் வேணும். பகல் வெயிலில் ஐஸ் பெட்டியை ஓடவிட்டு உறைய வைத்தால் இரவுச் சுமை குறையும். யாழ்ப்பாணத்துப் பக்கம் எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் நாலும் சேர்ந்த தொகுதி ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்தியக் கொடையில் செய்ய 2024-ல் ஒப்பந்தமானது. போய்ப் பார்க்கக்கூடியவர்கள் எழுவைதீவுக்குப் போய், தொகுதியைப் பராமரிக்கிறவரோடு கதையுங்கள்.

அந்த மண்டபத்துக்குப் பிறகு புதுப் பற்றரி வந்தபோது பற்றரி அறைத் திறப்பை முன்பள்ளி ரீச்சரிடம் கொடுத்தோம். விடிய ஆறு மணிக்கு வோல்ற் பார்த்து ஒரு சீஆர் கொப்பியில் எழுதச் சொன்னேன், 24.2-க்குக் கீழே போனால், அதாவது பற்றரி பாதிக்கு இறங்கினால், இரவு ரிவி இல்லை என்றும் சொன்னேன். அடுத்த கார்த்திகையில் போனேன். மூன்று நாள் 24.3, ஒரு நாள் 24.1. அந்த நாளுக்கு நேரே சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்: "ரிவி நிப்பாட்டினேன். பெடியள் சண்டை."