மில் ஹாஸ்டலில் அக்கா மகள்: 1098-க்கு போன் செய்யலாமா?

கேள்வி: என் அக்கா மகளுக்குப் பதினேழரை வயது. பத்தாம் வகுப்போடு நின்றவள். சென்ற வருடம் எங்கள் ஊருக்கு வந்த ஏஜென்ட் ஒருவர், அக்காவிடம் 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, அவளைத் திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்த்துவிட்டார். மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்றார். மாதச் சம்பளம் என்று அவள் கைக்கு எதுவும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் சில நிமிடம் பேச விடுவார்கள், வார்டன் பக்கத்திலேயே நிற்பார். பங்குனிப் பொங்கலுக்குக்கூட அனுப்பவில்லை. கேட்டால், "முன்பணத்தைக் கட்டிவிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். போன வாரம் விரல் மெஷினில் மாட்டியதைச் சொல்ல வந்தாள், போன் கட்டாகிவிட்டது. மில்லில் கொடுத்திருக்கும் ஆதாரில் அவளுக்கு 19 வயது என்று இருக்கிறது. 1098-க்கு போன் செய்யலாமா? என் பெயர் வெளியே வருமா? பணம் வாங்கிய அக்காவைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா?
– பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: போன் செய்யுங்கள், இன்றைக்கே. இது ஆள் கடத்தல்தானா, வெறும் சம்பளத் தகராறா என்று நீங்கள் முடிவு கட்டிக்கொண்டு போன் செய்ய வேண்டியதில்லை. அதைத் தரம் பிரிப்பது எதிர்முனையில் இருப்பவர் வேலை. நம் ஊரில் பலர் இந்த இடத்தில்தான் தயங்கி மாதக்கணக்கை விட்டுவிடுகிறார்கள். கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வேனில் ஏற்றுவது என்று மனதில் பதிந்துபோயிருக்கிறது. அம்மாவே கையெழுத்துப் போட்டு பஸ் ஏற்றி அனுப்பிய பெண்ணை யாரும் அப்படி நினைப்பதில்லை.

சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவின்படி, சுரண்டும் நோக்கத்தோடு ஒருவரை ஏமாற்றியோ மிரட்டியோ ஆசை காட்டியோ வேலைக்குப் பிடிப்பதும், கொண்டுபோவதும், தங்க வைப்பதும், பெற்றுக்கொள்வதும் ஆள் கடத்தல்தான். மாநிலம் தாண்ட வேண்டியதில்லை, மாவட்டம்கூடத் தாண்ட வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது வாதமாக நிற்காது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் தண்டனை குறைந்தது பத்து ஆண்டு, ஆயுள் வரை போகலாம். (2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு.) அந்த ஏஜென்ட்டும், அவரிடமிருந்து பெண்ணைப் பெற்றுக்கொண்டவர்களும் இரண்டு பேருமே இந்த வலைக்குள் வரக்கூடியவர்கள்.

1098 குழந்தைகளுக்கான எண். கட்டணம் கிடையாது, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். 1996-இல் மும்பையில் தொடங்கியது. பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் நடத்தியதை 2023-இலிருந்து அரசே ஏற்று நடத்துகிறது. அவசர உதவி எண்ணான 112-உடன் இணைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் தகவல் அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். உயிருக்கு ஆபத்து என்ற நிலை என்றால் நேராகப் போலீசுக்குப் போகும்.

அந்த போனில் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "பிள்ளையைக் கொடுமைப்படுத்துறாங்க சார்" என்று அழுதால் எதிர்முனைக்கு எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பொண்ணுக்குப் பதினேழரை வயசு. இன்ன மில், இன்ன ரோடு, பக்கத்துல இன்ன பெட்ரோல் பங்க். முன்பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. அதைக் கட்டினாத்தான் விடுவோம்கிறாங்க. சம்பளம் கையில கொடுக்கறதில்ல. கேட்டைத் தாண்ட விடறதில்ல. வார்டன் பக்கத்துல நிக்காம பேச முடியல. விரல்ல அடிபட்டிருக்கு, வைத்தியம் பார்த்தாங்களான்னு தெரியல." பயிற்சி பெற்ற ஒருவர் காது இதில் நான்கைந்து இடத்தில் விழித்துக்கொள்ளும். நினைத்தால் கிளம்ப முடியுமா, போன் யார் கையில், சம்பளம் எங்கே போகிறது, கடனைக் காட்டி நிறுத்தி வைக்கிறார்களா. கடத்தப்பட்டவர்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்தச் சாதாரணக் கேள்விகளை வைத்துத்தான். கட்டிப்போட்ட கயிறு யார் கண்ணிலும் படாது. பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு, தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். சொன்னாலும், வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவல் விசாரணையில் வேறு மாதிரி முடிந்தால் உங்கள்மேல் வழக்கு வராது. பொய் என்று தெரிந்தே கொடுப்பதுதான் குற்றம். ஆனால் வழக்கு என்று ஆனபின் குடும்பத்தில் யாராவது ஒருவர் பெயரோடு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசும்போது போன் செய்த விஷயத்தை மூச்சு விடாதீர்கள். ஏஜென்ட்டிடமும் பேரம் பேசப் போகாதீர்கள், சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மில் கேட்டில் போய் நிற்கவும் வேண்டாம். விஷயம் கசிந்தால் பெண்ணை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் ஆய்வுக்குப் போகிறவர்களுக்குப் பதிவேட்டில் அவள் பெயரே இருக்காது.

ஹெல்ப்லைனின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்குப் போகும் அதிகாரி மேனேஜர் அறையில் உட்கார்ந்து, மேனேஜர் எதிரிலேயே பெண்ணைக் கூப்பிட்டு "உனக்கு ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டால், எந்தப் பெண்ணும் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் சொல்லும். புகார் அதோடு மூடப்படும். எனவே போனோடு நிற்காமல் எழுத்தில் ஒரு மனு வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் (ஆர்.டி.ஓ.) காவல் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பெண்ணை மில் வளாகத்துக்கு வெளியே, நிர்வாகத்தினர் இல்லாத இடத்தில், பெண் அதிகாரியை வைத்து விசாரிக்க வேண்டும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். 1098 புகார் எண்ணையும் குறிப்பிடுங்கள்.

போலீசுக்குப் போக நீங்கள் திண்டுக்கல் வரை அலைய வேண்டாம். உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்குப் பதியாமல், மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் அனுப்பப் பார்த்தால், குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன்படி கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். அங்கும் அசையவில்லை என்றால் 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சரி, அக்கா விஷயம். உங்கள் கடிதத்தில் உண்மையான பயம் இதுதான் என்று படுகிறது. ஏமாற்றப்பட்ட தாய் முன்பணம் வாங்கிய ஒரே காரணத்துக்காகக் குற்றவாளி ஆகிவிட மாட்டார். இத்தகைய வழக்குகளில் அவர் பெரும்பாலும் முக்கியமான சாட்சி. ஏஜென்ட் என்ன சொல்லிக் கூட்டிப்போனார் என்று சொல்ல அவரைவிட்டால் ஆள் கிடையாது. ஒருபோதும் பிரச்சினை வராது என்று எந்த வக்கீலும் எழுதித் தர முடியாது. உள்ளே நடப்பது தெரிந்தே அனுப்பியிருந்தால் கதை வேறு. பணம் வாங்கியதை அவர் மறைக்கக் கூடாது. மறைத்தால் மில் தரப்பு முதலில் காட்டப்போவது அந்தக் கையெழுத்தைத்தான்.

அந்தப் பணத்தைத் திருப்பிக் கட்டவும் வேண்டாம். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டப்படி, கொத்தடிமைக் கடன் சட்டத்தின் கண்ணில் அழிந்துபோன கடன். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவர் தலையில்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய வேலை என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. கோட்டாட்சியர் விசாரித்துக் கொத்தடிமை என்று கண்டால் விடுதலைச் சான்றிதழ் தருவார். அந்தக் காகிதத்தை விடாமல் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் 30,000 ரூபாய் வரை உடனடி உதவி உண்டு. சிறார்களுக்கும் பெண்களுக்கும் மறுவாழ்வுத் தொகை 2 லட்சம்; அது வழக்கின் போக்கைப் பொறுத்து, தாமதமாகத்தான் வரும்.

ஆதார் வயதுக்காகக் கலங்காதீர்கள். சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவில் முதலிடம் பள்ளிச் சான்றுக்கு, அடுத்தது உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. ஆதார் வயதுக்கான ஆதாரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. டி.சி.யையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் இன்றே நகல் எடுத்து வையுங்கள். மீட்ட 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் தவிர்த்து) அவளைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். சில நாள் இல்லத்தில் தங்க வைக்கலாம். அதைத் தண்டனை என்று நினைத்து அங்கே சத்தம் போடாதீர்கள். யாரிடம் ஒப்படைப்பது என்று குழு முடிவு செய்யும்போது அம்மாவும் நீங்களும் சான்றுகளோடு இருந்தால் வேலை சுலபம். இதற்கிடையில் 18 முடிந்துவிட்டாலும் பாதை அடைபடாது. பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது.

வக்கீல் செலவுக்கு யோசிக்கிறீர்கள் என்றால் இலவச சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவர், பெண், குழந்தை என்று மூன்று வகையிலும் அவளுக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை இருக்கிறது. வருமானச் சான்று கேட்க முடியாது.

விரல் காயத்துக்கு இழப்பீடு தனி. வெளியே வந்ததும் முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மில்லில் மெஷினில் அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லிப் பதிய வைத்து, ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிக்கொள்ளுங்கள். மில்லில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களா என்பதை ஆணைக்குழு வக்கீலிடம் சொல்லி விசாரியுங்கள்; யாரிடம் இழப்பீடு கேட்பது என்பது அதைப் பொறுத்துத்தான்.