வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும் காலம்: வாசகர் கேள்வி-பதில்

மரணத்தையும் நியாயத்தீர்ப்பையும் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: போதகர் ஐயா அவர்களுக்கு, நாற்பது ஆண்டுகளாகத் தவறாமல் ஆலயத்துக்குப் போய்வருகிறேன். ஆனாலும் இரவில் விளக்கை அணைத்தபின், ஒருநாள் தேவனுக்கு முன்பாகத் தனியாக நிற்கவேண்டுமே என்ற எண்ணம் வந்துவிட்டால் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. மரணத்துக்குப் பயப்படுகிறவளுக்கு மெய்யான விசுவாசம் இல்லை என்று சபையிலே ஒரு சகோதரி சொன்னது என்னை இன்னும் வாட்டுகிறது. எனக்கு வயது 66.

பதில்: அம்மா, அந்தச் சகோதரி சொன்னதை முதலில் மனத்திலிருந்து இறக்கிவையுங்கள். கெத்செமனேயில் நம் ஆண்டவரே, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சீஷர்களிடம் சொன்னார். லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர்விட்டார். மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்றே பவுல் எழுதுகிறார். சத்துரு நெருங்கும்போது உடல் நடுங்குவதை அவிசுவாசம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆனால், அந்தப் பயம் வரும் நேரத்தைக் கவனியுங்கள். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1519ஆம் ஆண்டில் மரணத்துக்கு ஆயத்தமாவதைப் பற்றி ஒரு சிறு பிரசங்கத்தை வெளியிட்டார். மரணம் தொலைவில் இருக்கும்போதே அதை அருகில் அழைத்து நன்றாகப் பார்த்துப் பழகவேண்டும், அது நெருங்கிவந்த வேளையிலோ அதைப் பார்க்காமல் கிறிஸ்துவையே பார்க்கவேண்டும் என்பது அதில் அவர் சொல்லும் யோசனை. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: சுகமாயிருக்கும் நாளெல்லாம் மரணத்தைப் பற்றிய பேச்சையே தள்ளிவைத்துவிட்டு, பலவீனமான நேரத்தில் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே, மரணத்தைப் பற்றிய சிந்தனையை இரவிலிருந்து பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மனம் தெளிவாயிருக்கும் காலைவேளையில் 90ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்ற வரியில் சற்று நில்லுங்கள். இரவில் விளக்கை அணைத்தபின் 31ஆம் சங்கீதத்தின் ஒரே வரி போதும்: "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." சிலுவையில் ஆண்டவருடைய வாயிலிருந்து வந்த வார்த்தையும் அதுவே.

தனியாக நிற்கவேண்டுமே என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயத்தீர்ப்புச் செய்யும் அதிகாரம் முழுவதையும் பிதா குமாரனிடத்தில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று யோவான் 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாற்பது ஆண்டுகளாக நீங்கள் யாரிடம் ஜெபித்தீர்களோ, அவரே அந்த ஆசனத்தில் இருப்பார்.

கேள்வி: கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம் என்கிறோம். அப்படியிருக்க, கிரியைகளுக்குத் தக்கதாக நியாயத்தீர்ப்பு உண்டு என்று வேதம் ஏன் சொல்லுகிறது? இரண்டில் எதை நம்பி மரிப்பது?

பதில்: வேதத்தைக் கவனமாக வாசிக்கிறவர்களுக்கே இந்தக் கேள்வி எழும். நீங்கள் மனத்தில் வைத்திருப்பது 2 கொரிந்தியர் 5:10 என்று எண்ணுகிறேன்: "நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்திற்கு முன்பாக வெளிப்படவேண்டும்." நியாயாசனம் என்பதற்கு மூலமொழியில் உள்ள சொல், ரோம அதிபதி வழக்கை விசாரிக்க ஏறி அமரும் மேடையைக் குறிக்கும். அதே கொரிந்து பட்டணத்தில், கல்லியோன் என்னும் அதிபதியின் நியாயாசனத்துக்கு முன்பாகப் பவுலைப் பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் 18 சொல்லுகிறது. ஆகையால் எழுதியவர் அந்த மேடைக்கு முன் நின்றவர். வாசித்தவர்களோ அந்த மேடை இருந்த ஊரில் குடியிருந்தவர்கள். அவர்கள் இதை வெறும் உவமையாக எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த வசனத்தில் 'வெளிப்படவேண்டும்' என்ற சொல்தான் என்னை எப்போதும் நிறுத்திவைக்கிறது. வந்து நிற்பதோடு காரியம் முடிவதில்லை. உள்ளது உள்ளபடி தெரியவருவோம் என்பது அதன் பொருள். கிறிஸ்துவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் எழுதிய அதே பவுல்தான் இதையும் எழுதுகிறார். ரோமரில் சொன்னது, நாம் யாருடையவர்கள் என்பதைப் பற்றியது. அதைச் சிலுவை தீர்த்துவைத்திருக்கிறது, நம்முடைய கிரியைகளால் அதை வாங்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. கொரிந்தியரில் சொன்னது, அவருடையவர்களாக நாம் எதைக் கட்டினோம் என்பதைப் பற்றியது. பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல் என்றும், மரம், புல், வைக்கோல் என்றும் 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரம் பிரித்துச் சொல்லி, அவனவனுடைய வேலைப்பாட்டை அக்கினி பரிசோதிக்கும் என்கிறது. வேலைப்பாடு வெந்துபோனாலும் கட்டினவன் இரட்சிக்கப்படுவான் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. இது ஆறுதலான வார்த்தை. என்றாலும் எழுபது ஆண்டு உழைப்பு சாம்பலாவதைப் பார்த்து நிற்பது சின்னக் காரியம் அல்ல என்பதால், இதை வாசிக்கும்போதெல்லாம் என் ஊழியத்தையே நான் பயத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

மத்தேயு 25இல் ராஜாவின் வலதுபக்கத்தில் நிற்கிறவர்களையும் பாருங்கள். "எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டு உமக்குப் போஜனம் கொடுத்தோம்?" என்று அவர்கள் வியந்து கேட்கிறார்கள். செய்த நன்மைக்கு அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. இடதுபக்கத்தில் இருந்தவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு நினைவில் இல்லாதது செய்யாமல்விட்டவை. கிருபையை நம்பி மரியுங்கள். அந்தக் கிருபை உங்கள் கைகளில் வேலை செய்கிறதா என்று உயிரோடிருக்கும்போதே பாருங்கள்.

கேள்வி: என் தகப்பனாருக்கு இன்னும் சில வாரங்களே உண்டு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவரிடம் சொல்லக் கூடாது, மனம் உடைந்துவிடுவார் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். 'சீக்கிரம் குணமாகிவிடும் அப்பா' என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இது சரியா?

பதில்: தம்பி, உங்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் இது சரியல்ல என்றே சொல்லுவேன். 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், கொள்ளைநோயைக் கண்டிருந்த தலைமுறைகளுக்குப் பின், நன்றாக மரிக்கும் கலையைக் கற்பிக்கும் சிறு நூல் ஒன்று பரவலாகக் கைமாறியது. மரிக்கிறவனுக்கு வரும் சோதனைகள் என்று விசுவாசக் குறைவு, அவநம்பிக்கை, பொறுமையின்மை, தற்பெருமை, உலகப்பொருள்மீது பற்று ஆகிய ஐந்தை அது விவரிக்கிறது. படுக்கையருகே இருப்பவர்கள் கேட்கவேண்டிய கேள்விகளையும் சொல்லவேண்டிய ஜெபங்களையும் கற்பிக்கிறது. பிழைத்துக்கொள்வாய் என்று பொய்யான நம்பிக்கை கொடுத்து அவனுடைய ஆயத்தத்தைக் கெடுக்கக் கூடாது என்ற எச்சரிப்பும் அதில் உண்டு. உங்கள் உறவினர்கள் செய்வதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்தவர்களும் செய்திருக்கிறார்கள்.

நான் ஊழியத்தில் பார்த்த ஒன்றைச் சொல்லுகிறேன். பேச்சு நின்றுபோன ஒரு பெரியவர், விரலால் போர்வையின்மேல் எதையோ எழுதுவதுபோல் கோடிழுத்துக்கொண்டே இருந்தார். நோயின் குழப்பம் என்றுதான் எல்லாரும் எண்ணினோம். அவருடைய மகள் மட்டும் எழுந்துபோய் அவருடைய பழைய கணக்கு நோட்டை எடுத்துவந்து, அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். தம்பியின் பெயர் வந்ததும் பெரியவர் கையைத் தூக்கினார். ஒரு நிலத்தில் தம்பிக்குச் சேரவேண்டிய பங்கைக் கொடுக்காமல் வைத்திருந்தார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் தம்பி வந்தார். ஒன்றும் பேசவில்லை, ஈரப்பஞ்சால் அண்ணனுடைய உதடுகளைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதன்பின் அந்த விரல் கோடிழுக்கவில்லை.

உங்கள் தகப்பனாருக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டவேண்டாம். 'மருத்துவர் சொன்னதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா அப்பா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். பிறகு, யாரைப் பார்க்க விரும்புகிறார், யாரிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறார் என்று கேளுங்கள். போதகரை அழைத்து அவருக்குத் திருவிருந்து கொடுக்கச் செய்யுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை மரிக்கிறவருக்குக் கொடுக்கும் நற்கருணையை 'வழியுணவு' என்று அழைக்கிறது. பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் உணவு என்ற அந்தக் கருத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர் கண்மூடிக் கிடக்கும் நாளிலும் 23ஆம் சங்கீதத்தைக் காதருகே மெதுவாகச் சொல்லுங்கள். பதில் வரவில்லையே என்று நிறுத்திவிடவேண்டாம்.

கேள்வி: கிறிஸ்துவை அறிக்கையிடாமலே என் கணவர் இறந்துபோனார். அவருக்கு என்ன தீர்ப்பு கிடைத்திருக்கும்?

பதில்: அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அதிகாரம் எனக்கும் இல்லை, உங்களைப் பயமுறுத்துகிற எவருக்கும் இல்லை, சகோதரி. விசுவாசியாத வாழ்க்கையைப் பற்றி வேதம் கொடுக்கும் எச்சரிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால், கடைசி மணிநேரங்களில் ஒரு மனிதனுக்கும் தேவனுக்கும் நடுவே நடந்ததை வெளியிலிருந்து யாரும் பார்க்கவில்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்டான், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 38. சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நிமிடத்தில் மனந்திரும்பவில்லையா? எனக்கும் காலம் இருக்கிறது என்றே எண்ணுகிறேன். சொத்து விஷயத்தில் அண்ணனோடு ஆறு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அது ஒன்றுதான் உறுத்துகிறது.

பதில்: சகோதரரே, அங்கே தொங்கியவர்கள் இரண்டு கள்ளர்கள். இருவரும் ஆண்டவருக்கு அதே தொலைவில், அதே வேளையில் இருந்தார்கள். ஒருவன் இகழ்ந்துகொண்டே இருந்தான். மனந்திரும்பியவனோ காலம் இருக்கிறது என்று தள்ளிப்போட்டதாக லூக்கா எங்கும் எழுதவில்லை. இருந்த சிறிது நேரத்தில் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், மற்றவனைக் கடிந்துகொண்டான், ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டான். வேதனையும் மயக்கமும் நிறைந்த கடைசி மணிநேரத்தில் அவனுக்கிருந்த தெளிவு நமக்கும் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

காலம் கிடைத்தாலும் அதை எப்படிச் செலவிடுவோம் என்பது வேறு. வியாதிப்பட்டு மரணத்தறுவாயில் இருந்த எசேக்கியா ராஜாவிடம், "நீர் உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், நீர் பிழைக்கமாட்டீர்" என்று ஏசாயா தீர்க்கதரிசி வந்து சொன்னார். ராஜா சுவர்ப்புறமாய் முகத்தைத் திருப்பி அழுது ஜெபித்தான். 15 ஆண்டுகள் கூட்டிக்கொடுக்கப்பட்டன. ஏசாயா புத்தகத்தின் அடுத்த அதிகாரத்திலேயே அவன் தன் பொக்கிஷசாலையைத் திறந்து, பாபிலோனிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்றுவிடாமல் காட்டிக்கொண்டிருக்கிறான்.

தேவனை ஏற்பதா மறுப்பதா என்று தேர்ந்தெடுக்கும் காலம் மரணத்தோடு முடிகிறது என்பதில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாராகிய நாங்களும் ஒன்றுபடுகிறோம். மரித்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படுவதாக அவர்கள் சொல்லும் உத்தரிக்கும் ஸ்தலத்தைப் பற்றி வேறுபடுகிறோம். ஆகவே இந்த வாரத்திலேயே தொடங்குங்கள். கடன், சேமிப்பு, பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள், உயில் எழுதுங்கள். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முன்பு சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லியிருப்பதால், அடுத்த திருவிருந்துக்கு முன்பாக அண்ணன் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போங்கள், சொத்துப் பத்திரத்தைக் கையில் கொண்டுபோகவேண்டாம். பங்கைப் பற்றி அவர் பேச்செடுத்தால் கேட்டுக்கொண்டிருங்கள். கதவைத் திறக்காவிட்டால் கடிதம் எழுதுங்கள், 'அண்ணா' என்று தொடங்கி.