குனிந்தால் தொடையின் பின்பக்கம் இழுக்கிறதா?

கால் விரலைத் தொடும் பயிற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கும்பகோணம்–தஞ்சாவூர் பஸ்ஸிலும் ஆபீஸ் நாற்காலியிலுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள்; ஒரு மாதமாகக் குனிந்தும் கை முழங்காலைத் தாண்டவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் உங்களுக்கு வளைவது முதுகுதான். தொடையின் பின்தசை, உட்காரும்போது அடியில் அழுந்துகிற இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய்ப் பிடிக்கிறது. இடுப்பு மடியாமல் அதற்குச் சரியான இழுப்பு கிடைக்காது.

முதலில் ஒன்றைப் பாருங்கள். மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டை மாட்டி, முழங்காலை மடக்காமல் ஒரு காலைத் தூக்குங்கள். தொடை நடுவில் மட்டும் இழுத்தால் தசை. கெண்டைக்கால் வரை சுரீரென்று ஓடினாலோ மரத்துப்போனாலோ நரம்பாக இருக்கலாம். மேற்கொண்டு இழுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

தசைதான் என்றால், குதிகாலைத் திண்ணைப் படியில் வைத்து, முதுகை நிமிர்த்தியபடியே, தொப்புள் தொடையை நோக்கிப் போகிற மாதிரி இடுப்பில் மடியுங்கள். வயலில் நடவு நடுகிறவர்கள் குனிவதைக் கவனியுங்கள், மடிப்பு இடுப்பில்தான் விழும். ஒவ்வொரு காலுக்கும் 30 விநாடி, 3 முறை, தினமும். எம்பி எம்பி இழுக்காதீர்கள், மூச்சையும் அடக்காதீர்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் செய்யாமல், கொஞ்சம் நடந்து உடம்பு சூடானபிறகு செய்யுங்கள். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும்.